சில்லறை கேட்கும் எண்

பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நான் எழுதிய ஒரு சி நிரல் மைனஸ் 80,84,52,097 என்று விடை தந்தது. வரவேண்டிய விடை ஒரு பெரிய முழு எண். வந்ததோ பூஜ்யத்துக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. அரைமணி நேரம் வரிவரியாகத் தேடினேன். நிரலில் தப்பு இல்லை. எண்ணை வைக்க நான் கொடுத்த இடம்தான் போதவில்லை. 32 பிட் இடத்தில் பிளஸ், மைனஸ் குறியோடு வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 214,74,83,647. அதைத் தாண்டினால் பழைய ஸ்கூட்டர் மீட்டர் சுற்றி முடிந்து மறுபடி தொடங்குவது மாதிரி, எண் அந்தக் கோடிக்குப் போய் மைனஸில் இறங்கிவிடும். இடத்தைக் கூட்டிக் கொடுத்ததும் சரியான விடை வந்தது.

348,65,15,199.

முன்னூற்று நாற்பத்தெட்டுக் கோடியே அறுபத்தைந்து லட்சத்துப் பதினைந்தாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது. பார்த்தால் யாரோ ஒருவருடைய செல்போன் நம்பர் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அந்தக் குணத்தை உறுதிசெய்து தந்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சின்ன எண்களிலிருந்து தொடங்குவோம். 1, 4, 9, 16 என்று போகும் வர்க்க எண்களை மட்டும் ரூபாய் நோட்டுகளாக அச்சடிக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 7 ரூபாய் கொடுக்க எத்தனை நோட்டு வேண்டும்? ஒரு 4, மூன்று 1. மொத்தம் நான்கு. அதற்குக் குறைவாக முடியாது. எந்தத் தொகையானாலும் நான்கு நோட்டுக்கு மேல் தேவைப்படாது என்று 1770இல் லக்ராஞ்ச் நிரூபித்தார்.

அதே 1770இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வேரிங் ஒரு புத்தகத்தில் இதை நீட்டினார். கன எண்களை (1, 8, 27, 64...) நோட்டாக வைத்தால் ஒன்பது போதும், நான்காம் அடுக்குகளை (1, 16, 81, 256...) வைத்தால் பத்தொன்பது போதும், இப்படியே மேலும் என்று எழுதினார். நிரூபணம் எதுவும் தரவில்லை. அந்த 'இப்படியே மேலும்' கணிதக்காரர்களை இருநூறு வருஷத்துக்கு மேல் வேலை வாங்கியது. எந்த அடுக்கை எடுத்தாலும் ஏதோ ஓர் எல்லைக்குட்பட்ட எண்ணிக்கை நோட்டுகள் போதும் என்பதையே 1909இல்தான் ஹில்பர்ட் நிரூபித்தார். அந்த எண்ணிக்கை எத்தனை என்பது அதற்குப் பிறகும் நின்ற கேள்வி.

என் கல்லூரி நிரல் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. விடுமுறையில் திருநெல்வேலி டவுனில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். பெரியப்பா பஸ் கண்டக்டர். திருநெல்வேலி, ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை என்று அந்தத் தடத்திலேயே பல வருஷம் ஓடி, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். நான் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "என்னல, சண்ட போடுதா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் புரிய வைக்க ஆறாம் அடுக்கை எடுத்துக்கொண்டேன்.

"பெரியப்பா, ஒரு ஊர்ல மூணே மூணு நோட்டுதான் இருக்குன்னு வைங்க. 1 ரூவா, 64 ரூவா, 729 ரூவா. 729 கொடுக்கணும்னா எத்தனை நோட்டு?"

"ஒண்ணு."

"704 கொடுக்கணும்னா?"

கொஞ்சம் மனக்கணக்கு போட்டார். "பதினோரு அறுபத்திநாலு. பதினொண்ணு போதும்."

"703?"

இதற்கு நேரம் எடுத்தது. 729 உதவாது, பெரியது. பதினோரு 64 போட்டால் 704, ஒரு ரூபாய் கூடிவிடும். பத்துதான் போடமுடியும். அது 640. மீதி 63 ரூபாயையும் ஒற்றை ரூபாயாகத்தான் எண்ண வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று நோட்டுகள்.

"அட சண்டாளா" என்றார் பெரியப்பா. "ஒரு ரூவா கூட இருந்தா பதினொண்ணுல முடிஞ்சிருக்கும். ஒரு ரூவா கொறஞ்சதுக்கு எழுபத்திமூணா?"

அந்த ஏற்பாட்டுக்குப் பொதுவான செய்முறை எளிமையானது. எந்த அடுக்கை எடுத்தாலும் முதல் நோட்டு 1, இரண்டாவது 2இன் அடுக்கு, மூன்றாவது 3இன் அடுக்கு. மூன்றாவது நோட்டின் மதிப்புக்குள் இரண்டாவது நோட்டு எத்தனை முறை முழுசாக அடங்கும் என்று பார்க்க வேண்டும். அத்தனை நோட்டின் மொத்தத்தில் ஒரே ஒரு ரூபாயைக் குறைத்தால் வருவதுதான் அந்த அடுக்கின் சண்டாள எண். வர்க்கத்துக்கு 7. கனத்துக்கு 23. நான்காம் அடுக்குக்கு 79. ஆறாம் அடுக்குக்கு 703.

இருபதாம் அடுக்குக்குப் போனால் 2இன் அடுக்கு 10,48,576. 3இன் அடுக்கு 348,67,84,401. முன்னது பின்னதில் 3,325 முறை அடங்கும். அந்த 3,325 நோட்டின் மொத்தம் 348,65,15,200. அதில் ஒன்று குறைத்தால் என் நிரலைக் கவிழ்த்த 348,65,15,199. 348,65,15,200க்கு 3,325 நோட்டு போதும். அதைவிட ஒன்றே குறைந்த எண்ணுக்கு 3,324 பெரிய நோட்டும் 10,48,575 ஒற்றை ரூபாயும் சேர்ந்து 10,51,899 நோட்டுகள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், ஒருவருக்கு மூவாயிரம், இன்னொருவருக்குப் பத்து லட்சம்.

இந்த எண்களைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. லியோனார்ட் ஆய்லரின் மகன் யோகான் ஆல்பிரெக்ட் ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துவிட்டார். நான் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்ததும் பெரியப்பா கேட்டார்.

"சரில. 703க்கு எழுபத்திமூணு வேணும்னு ஒத்துக்கிடுதேன். அதவிட மோசமான ஆளு வேற எங்கயும் இல்லன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"புரோகிராம் போட்டுப் பாத்துட்டேன் பெரியப்பா. பத்து லட்சம் வரைக்கும் ஒண்ணும் இல்ல."

"பத்து லட்சத்துக்கு மேல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ்ஸில் ஐம்பது பேரிடம் சில்லறை கேட்டு இல்லையென்றால், ஐம்பத்தோராவது ஆளிடமும் இருக்காது என்று எந்தக் கண்டக்டரும் முடிவுகட்ட மாட்டார். எண்களுக்கோ கடைசி சீட் என்று ஒன்று கிடையாது. முடிவே இல்லாமல் போகும் வரிசையில் எங்கோ ஓர் எண் எழுபத்து நான்கு நோட்டு கேட்டு நிற்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? பெரியப்பாவின் கேள்விதான் வேரிங் கணக்கின் கடினமான பாதி. அதற்கு யார் பதில் சொன்னார்கள் என்று தேடியபோதுதான் எஸ். எஸ். பிள்ளை என்ற பெயரும், பிறந்த ஊர் வல்லம் என்பதும் கண்ணில் பட்டன.

வல்லம் குற்றாலத்தை அடுத்த ஊர். செங்கோட்டைக்குப் போகிற வழி. 2019இல் தென்காசி மாவட்டம் பிரியும் வரை எல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான். குற்றால மலைத் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆற்றுக் கணக்கிலும் ஒரே ஊர்க்காரர்தான்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். ஒரு வயதில் தாயை இழந்தார். அப்பாவும் உறவுக்கார மூதாட்டி ஒருவரும் வளர்த்தார்கள். தொடக்கக் கல்வி வல்லத்தில். பிறகு செங்கோட்டையில் நடுநிலைப் பள்ளி. அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பள்ளிப்படிப்பு முடியும் தறுவாயில் அப்பாவும் போய்விட்டார். அத்தோடு படிப்பு நின்றிருக்க வேண்டும். சாஸ்திரியார் என்று அழைக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால் நிற்கவில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் உதவித்தொகையோடு பி.ஏ. 1927இல் ஆய்வு உதவித்தொகை பெற்றுச் சென்னைப் பல்கலைக்கழகம் போனார். அங்கே கே. ஆனந்த ராவ், ஆர். வைத்தியநாதசாமி ஆகியோரிடம் பயிற்சி. 1929இல் சிதம்பரத்தில் புதிதாகத் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவருடைய முக்கியமான கணக்குகள் பெரும்பாலும் அங்கே இருந்த காலத்தில் போட்டவை.

பெரியப்பாவின் கேள்வியைப் பிள்ளை அணுகிய வழியைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். மிகப் பெரிய எண்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவு. 703க்குக் கையில் இருந்தவை இரண்டே வகை நோட்டு. கோடி கோடியாகப் போகும் எண்ணுக்கு 729, 4096, 15625, 46656 என்று வகைவகையாக நோட்டுகள் இருக்கின்றன. அவற்றை எத்தனையோ விதமாகச் சேர்த்துப் பார்க்கலாம். ஏதோ ஒரு விதத்தில் கணக்கு நேராகிவிடும். நான்காம் அடுக்கில் 79க்கு 19 நோட்டு வேண்டும். ஆனால் 13,792ஐத் தாண்டிவிட்டால் எந்த எண்ணுக்கும் 16 போதும் என்று இன்றைக்கு நிரூபணமே இருக்கிறது.

இதை நான் சொன்னபோது பெரியப்பா ஆச்சரியப்படவில்லை. "பணக்காரனுக்குச் சில்லறை எதுக்கு? இல்லாதவனுக்குத்தான் அம்புட்டும் சில்லறையா வேண்டியிருக்கும்" என்றார்.

ஆனால் 'மிகப் பெரிய' என்றால் எவ்வளவு பெரிய? இங்கேதான் வேலை இரண்டாகப் பிரிகிறது. ஓர் எல்லைக்கு மேலே உள்ள எண்களைப் பகுப்பாய்வு முறையால் மொத்தமாக வளைத்துவிடலாம். ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற கணக்குக்காக ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் உருவாக்கிய உத்தி, ஹார்டி, லிட்டில்வுட் கைகளில் வேரிங் கணக்குக்கு வந்து சேர்ந்தது. 1930களில் ரஷ்யாவின் வினோகிராதோவ் அதைக் கூர்மையாக்கினார். சிக்கல் என்னவென்றால், அந்த எல்லை பயங்கரமாகப் பெரியது. அதற்குக் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. பிள்ளைக்கோ கம்ப்யூட்டரே கிடையாது. அதனால் கீழேயிருந்து ஏற வேண்டும். ஒரு சிறிய இடைவெளியில் உள்ள எண்கள் எல்லாவற்றுக்கும் இத்தனை நோட்டு போதும் என்று கையால் காட்டுவது, அதில் ஒரு நோட்டைக் கூட்டினால் இடைவெளி எவ்வளவு நீளும் என்று பார்ப்பது, இன்னொன்றைக் கூட்டுவது. இப்படி ஏறிப்போய், மேலேயிருந்து இறங்கிய எல்லையைத் தொட்டுவிட்டால் நிரூபணம் முடிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு எண் விடுபட்டாலும் முடியவில்லை. கிணறு வெட்டுகிறவர்களும் பாலம் கட்டுகிறவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய வேலை.

ஏழாம் அடுக்கிலிருந்து மேலே இது கைகூடியது. பிள்ளை 1936இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் எழுதினார். அமெரிக்காவில் லியோனார்ட் டிக்சன் அதே காலத்தில் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் இன்றைய வழக்கம். நான் படித்தவற்றில் சில, டிக்சன் பெயரோடு நின்றுவிடுகின்றன. இருபதாம் அடுக்குக்கு 10,51,899 போதும், அதைவிட மோசமான எண் எங்கும் இல்லை என்ற உத்தரவாதம் அப்போது கிடைத்ததுதான்.

ஆறாம் அடுக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அடுக்கு சிறிதாகச் சிறிதாகப் போதுமான நோட்டுகளின் எண்ணிக்கையும் சிறிதாகிறது. கீழிருந்து ஏறுவதற்குப் படி குறைவு. மேலிருந்து வரும் எல்லையும் இறங்க மறுக்கிறது. அந்த இடைவெளியை 1940இல் பிள்ளை அடைத்தார். பெங்களூரில் சி. வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் பத்துப் பக்கச் சொச்சத்தில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முடிவு: ஆறாம் அடுக்குக்கு எழுபத்து மூன்று. 703ஐ விட மோசமான ஆள் எங்கேயும் இல்லை. இதில் டிக்சனுக்குப் பங்கில்லை. பிள்ளை ஒருவருடைய வேலை.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு, மிச்சமிருந்த இரண்டு அடுக்குகளும் எடுத்துக்கொண்ட காலமே அளவுகோல். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் 1964இல் நிரூபித்தார். வேரிங் 1770இல் எழுதிய நான்காம் அடுக்கின் 19, 1986 வரை காத்திருந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்ரமணியன். மற்ற இருவர் பிரான்சின் தெசூயேயும் திரெஸ்ஸும். 1க்குப் பின்னால் 367 பூஜ்யம் போட்டால் வரும் எண், அவர்கள் மேலேயிருந்து இறங்கிவந்த எல்லை. அதற்குக் கீழே ஏறிவர அவர்களுக்குக் கம்ப்யூட்டர் இருந்தது.

இந்தக் கதையில் இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. பிள்ளையும் டிக்சனும் தந்த சூத்திரம் ஒரு நிபந்தனையோடு வருகிறது. 3இன் அடுக்கை 2இன் அடுக்கால் வகுத்தால் ஓர் ஈவும் ஒரு மீதியும் வரும். இரண்டையும் கூட்டினால் 2இன் அடுக்கைத் தாண்டக் கூடாது. ஆறாம் அடுக்கில் ஈவு 11, மீதி 25, கூட்டினால் 36. 64க்குள் அடங்குகிறது. இருபதாம் அடுக்கில் 3,325 ஈவு, 2,69,201 மீதி, கூட்டினால் 2,72,526. 10,48,576க்குள் அடங்குகிறது. எல்லா அடுக்குக்கும் அடங்குமா? 1990இல் ஜெஃப்ரி குபினாவும் மார்வின் வுண்டர்லிக்கும் கம்ப்யூட்டர் மூலம் 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரை சோதித்தார்கள். ஒரு மீறல்கூட இல்லை. மீறல் இருந்தாலும் எண்ணி முடிக்கக்கூடிய அளவுதான் இருக்க முடியும் என்று 1957இலேயே குர்ட் மாலர் நிரூபித்திருந்தார். மீறலே கிடையாது என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

என் தொழிலில் 47 கோடி சோதனைகளில் ஒன்றுகூடத் தோற்கவில்லை என்றால் கேக் வெட்டுவோம். நூறு சோதனை தேறினாலே மென்பொருளை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுகிறவர்கள் நாங்கள். அனுப்பியபின் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் வரும், யாரும் யோசிக்காத ஒரு எண் உள்ளே நுழைந்துவிட்டது என்று. அப்படி எழுப்பப்பட்ட ராத்திரிகளில் எனக்கு வல்லத்துப் பிள்ளையின் ஞாபகம் வரும். சோதித்ததில் இல்லை என்பதற்கும் இல்லவே இல்லை என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த மனிதர் பேனாவால் நடந்து கடந்திருக்கிறார்.

1941இல் பிள்ளை அண்ணாமலையிலிருந்து திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கும் அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்கும் போனார். 1950இல் அமெரிக்காவிலிருந்து அழைப்பு. பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓர் ஆண்டு தங்கி ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதற்கு முன் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. மாநாடு ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. அவர் ஏறிய டி.டபிள்யூ.ஏ. விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ வழியாக நியூயார்க் போக வேண்டியது. ஆகஸ்ட் 31 அதிகாலையில் கெய்ரோவிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் இயந்திரம் தீப்பிடித்துப் பாலைவனத்தில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சண்டிகர் நகரத்துக்குத் திட்டம் வரைந்துகொண்டிருந்த போலந்துக் கட்டடக் கலைஞர் மசியே நோவிட்ஸ்கியும் அதே விமானத்தில்தான் இருந்தார். நோவிட்ஸ்கி போன பிறகே லெ கொர்பூசியே சண்டிகருக்கு வந்தார். பிள்ளைக்கு வயது 49.

சென்ற ஜூலையில், சாரல் நேரத்தில், குற்றாலத்துக்குப் போகிறவர்களோடு போய் நான் மட்டும் வல்லத்தில் இறங்கினேன். டீக்கடையில் கணக்குப் பிள்ளை பற்றி விசாரித்தேன். "எந்தக் கணக்கப்பிள்ள? மில்லுல இருந்தாரே, அவரா?" என்று கேட்டார் ஒருவர். கணித மேதை என்று விளக்கியதும், "ராமானுஜம் மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். 1729 என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது. 703ஐ நான் அவரிடம் சொல்லவில்லை. மழை வலுத்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

வழியில் பெரியப்பாவுக்கு ஃபோன் செய்தேன். எண்பதை நெருங்குகிறார், காது கொஞ்சம் மந்தம். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்தேன் என்பதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சில்லறை இல்லாவிட்டால் பாக்கித் தொகையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, இறங்கும் இடத்தில் தருவார். 47 கோடி வரை சோதித்த கதையை அவரிடம் இதுவரை நான் சொன்னதில்லை. சொன்னேன்.

"அப்போ பாக்கி இன்னும் தீரலன்னு சொல்லு."

"ஆமா பெரியப்பா."

"எழுதி வச்சிருக்காங்கள்லா?"

"எழுதி வச்சிருக்காங்க."

"அப்ப வந்துரும்ல. எறங்கறதுக்குள்ள வந்துரும்" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.